அஃபிலியேட்டுக்கு ஜாயினிங் ஃபீஸா? யார் சொன்னது?

"உங்க பிசினஸுக்கு அஃபிலியேட் புரோகிராம் வெக்கணும்னா சேர்றவங்ககிட்ட ஜாயினிங் ஃபீஸ் வாங்குங்க, அவங்க கீழ நாலு பேர சேர்த்தா அதுக்கும் கமிஷன் குடுங்க, அமேசானே இப்படித்தான் வளந்துச்சு"ன்னு ஒரு ஃபார்வேர்டு வாட்ஸ்அப்ல சுத்துது. சுத்தப் பொய்ங்க. அஃபிலியேட்னா உங்க பொருள மத்தவங்ககிட்ட சொல்லி, தன் லிங்க் வழியா வித்துக் குடுத்து கமிஷன் வாங்குறவர், அவ்ளோதான்.

அமேசான் 1996ல ஆரம்பிச்ச அசோசியேட்ஸ்ங்கிற அஃபிலியேட் புரோகிராம்ல சேர காசே கிடையாது. லிங்க் வழியா பொருள் வித்தா கமிஷன், விக்கலன்னா ஒண்ணுமில்ல, நீங்களே உங்க லிங்க்ல வாங்கிக்கிட்டா அதுவும் கணக்குல வராது. ஆள் சேர்த்ததுக்கே காசுன்னா அதுக்குப் பேரு பிரமிட். இந்தியாவுல 1978லயே இந்த மாதிரி ஆள் சேர்த்தா காசுன்னு ஓடுற பணச் சுழற்சி திட்டங்களுக்குத் தடைச் சட்டம் வந்தாச்சு, 2021 நேரடி விற்பனை விதிகளும் பிரமிடையும் நுழைவுக் கட்டணத்தையும் தடுக்குது. இத நம்பி ஆரம்பிச்சா மாட்டப்போறது ஃபார்வேர்டு பண்ணவர் இல்ல, கடைக்காரர்தான்.

உண்மையில வேல எங்க இருக்குன்னா கணக்குல. 800 ரூபா புடவைக்கு 10% கமிஷன்னா 80 ரூபா, ஆனா புடவையோட அடக்க விலை, ஜிஎஸ்டி, கூரியர், பேக்கிங், இந்த 80 எல்லாம் போக உங்களுக்கு லாபம் நிக்குதான்னு மொதல்ல பாருங்க, நிக்கலன்னா 10% எல்லாம் வாய்ப்பேச்சு. ஆளுக்கொரு கூப்பன் கோடு குடுத்துட்டா யார் மூலமா வித்துச்சுன்னு சண்டையே வராது. ரிட்டர்ன் டைம் முடியற வரைக்கும் கமிஷன ரிலீஸ் பண்ணாதீங்க, புடவை திரும்பி வந்தப்புறம் குடுத்த 80 ரூபாய கேட்டு வாங்குறது இருக்கே, அய்யோ. அப்புறம் புரமோட் பண்றவங்க இது விளம்பரம்னு போஸ்ட்லயே தெளிவா போடணும், அதையும் ஒப்பந்தத்துல எழுதி வாங்கிடுங்க.