கேள்வியப் படிச்சுட்டு ரிஜெக்ட் பண்ணுங்க

சனிக்கிழமை கோயம்புத்தூர் மீட்டிங்ல, ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற அமைப்போட ஐயா மேடையில என்ன பேசுனாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், அந்த வீடியோவ எனக்கே நாலு பேரு அனுப்பிட்டீங்க, அதனால முழுசா எழுதல. "பணம் ரெடியா இருக்கு, இந்தப் பக்கத்துல இருந்து நல்ல புரபோசல் தான் வர்றதில்ல"ங்கற அந்த ஒரு வரி தான் ரெண்டு நாளா என்னைத் தூங்க விடல. அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி அதே வாய் தான் ஜி.டி.நாயுடு பத்திப் பேசுச்சு, காலேஜ் வாசல் மிதிக்காத மனுஷன் இந்த ஊர்ல இருந்துட்டு என்னென்ன பண்ணுனாருன்னு. அப்ப நானும் தான் கை தட்டுனேன்.

ஐயா, ஆராய்ச்சித் திட்டம் எழுதுன புரபோசல் வந்துச்சுங்க. நான் அனுப்புனேன். 62 பக்கம். நீங்க படிக்கல.

படிச்சுட்டு "இது தேறாது"ன்னு சொல்லியிருந்தா நான் இந்தப் பதிவே எழுத மாட்டேன். ஏழு மாசம் கழிச்சு வந்த மெயில்ல இருந்தது ரெண்டே வரி: அப்ளை பண்ணுன நிறுவனம் தகுதி வரம்புக்குள்ள வரல, அதனால டெக்னிக்கல் பரிசீலனைக்கே எடுத்துக்கல. கேள்வி என்னன்னு ஒருத்தர் கூட பாக்கலீங்க. லெட்டர்பேடு யாருதுன்னு பாத்துட்டு மூடி வச்சுட்டாங்க.

கேள்வி என்னன்னு இங்கயாவது சொல்லிடறேன். பல்லடம், அவினாசி, அன்னூர், உடுமலைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லுல வேலை செஞ்சவங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, ஞாயிறு லீவு விட்டுத் திங்கக்கிழமை ப்ளோ ரூமுக்குள்ள, அதாவது பஞ்சப் பிரிச்சு சுத்தம் பண்ற இடத்துக்குள்ள, போனா நெஞ்சு அடைக்கும், செவ்வாய், புதன் ஆக ஆகக் கொஞ்சம் லேசாயிரும், திரும்ப அடுத்த திங்கக்கிழமை அடைக்கும். இதுக்குப் பேரு பிசினோசிஸ். பருத்தித் தூசுல வர்ற நோய், அந்தத் தூசுல ஒட்டிட்டு வர்ற பாக்டீரியாவோட எண்டோடாக்சின்ங்கற நச்சு இதுல முக்கியமான ஆளு. இங்கிலாந்துல லங்காஷயர் மில்லுகள்ல 1950கள்லயே ஷில்லிங்ங்கற டாக்டர் இந்தத் திங்கக்கிழமைய வச்சுத் தான் நோயத் தரம் பிரிச்சாரு. ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சு தூசுல இருந்து ஆள வெளிய எடுத்துட்டா சரியாகும், விட்டுட்டா நுரையீரல் நிரந்தரமாப் போயிரும். எக்ஸ்ரேல இதுக்குன்னு தனி அடையாளம் எதுவும் தெரியாது. என்னிக்கு அடைக்குதுன்னு டாக்டர் வாயத் தொறந்து கேக்கணும், அவ்வளவு தான்.

இப்ப மில்லுல எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது. சுழற்சி லீவு. ஒருத்தருக்கு புதன், ஒருத்தருக்கு வெள்ளி, ஒடிசால இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கியிருக்கற புள்ளைங்களுக்கு சில வாரம் லீவே இல்ல. அப்ப ஒவ்வொருத்தருக்கும் திங்கக்கிழமை வேற வேற நாள்ல வருது. அந்தப் பழைய கேள்விய அப்படியே கேட்டா நோயி தப்பிச்சு ஓடிருமா, ஓடாதா? இதான் என் கேள்வி. 240 பேரு, லீவு முடிஞ்ச முதல் நாள் ஷிப்டுக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ, மூணாவது நாளும் அதே மாதிரி, ஒரு செகண்டுல எவ்வளவு காத்த வெளிய ஊத முடியுதுன்னு ஸ்பைரோமீட்டர்ல அளக்கறது, கூடவே தூசுல எண்டோடாக்சின் எவ்வளவுன்னு பாக்கறது. 18 மாசம். நான் கேட்டது 11 லட்சத்து 40 ஆயிரம்.

"உனக்கு என்ன தகுதி"ன்னு கமெண்ட்ல ஒருத்தர் கேட்டீங்க. மைக்ரோபயாலஜில பிஎச்டி, பதினோரு வருஷம் காலேஜ்ல பாடம் எடுத்தேன், அம்மாவுக்கு முடியாமப் போனப்ப வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்து ரத்தப் பரிசோதனை லேப் வச்சிருக்கேன். வேலைய விட்ட அன்னிக்கே படிச்சதெல்லாம் மறந்து போச்சுன்னு அர்த்தமா? ரூல்ஸ் அப்படித் தான் நினைக்குது. புராஜெக்ட்டுக்குத் தலைமை தாங்கறவரு அங்கீகாரம் இருக்கற நிறுவனத்துல நிரந்தர வேலையில இருக்கணும், நிறுவனத் தலைவர் கையெழுத்துப் போடணும். தனியார் அமைப்புன்னா டிஎஸ்ஐஆர்ங்கற மத்திய அரசு அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையோட அங்கீகாரம் வேணும், மூணு வருஷ ஆடிட் கணக்கு வேணும். அந்த அங்கீகாரம் வாங்கணும்னா இங்க ஏற்கனவே ஆராய்ச்சி நடக்குதுன்னு காட்டணும். ஆராய்ச்சி நடத்தத் தானுங்க பணமே கேக்கறேன்.

"பைராக்கோட பிக் கிராண்ட் இருக்கே, தனி ஆளே அப்ளை பண்ணலாமே"ன்னு அண்ணன் ஒருத்தர் கமெண்ட் போட்டிருந்தாரு. பைராக்ங்கறது பயோடெக் தொழிலுக்கு உதவற மத்திய அரசு நிறுவனம். உண்மை தாங்க, 50 லட்சம் வரைக்கும், 18 மாசம், நல்ல திட்டம், அதுல வந்த பசங்க நல்லாவும் இருக்காங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா அது பொருளாக்கற ஐடியாவுக்கு. நாளைக்கு சந்தைக்கு வர்ற மாதிரி ஒரு கருவி, ஒரு கிட், ஒரு மருந்து வேணும். நான் விக்கறதுக்கு ஒண்ணும் கண்டுபுடிக்கலீங்களே. எனக்கு வேண்டியது ஒரு நம்பர். நூறு பேருல எத்தனை பேருக்கு இருக்குங்கற நம்பர். அத எந்தக் கம்பெனி காசு குடுத்து வாங்கும்?

"பொதுமக்கள் வரிப்பணம், கண்டவனுக்கும் குடுக்க முடியுமா?" குடுக்காதீங்க. முதல்ல ரெண்டு லட்சம் குடுங்க, பில்லு கேளுங்க, பணத்த எதுக்குச் செலவு பண்ணுனேன்னு யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் கேளுங்க, சரியில்லைன்னா அத்தோட நிறுத்துங்க. பெரிய பெரிய பேருக்கும் அதே கணக்கு தானே?

அடுத்து "ஏதாச்சும் காலேஜோட சேந்து பண்ணலாமே"ன்னு. பண்ணலாமுங்க. போனேன். ஊர் பேரு, காலேஜ் பேரு சொல்ல மாட்டேன். மூணு தடவ போய் ரிசப்ஷன்ல உக்காந்து, நாலாவது தடவ உள்ள விட்டாங்க. அங்க பொறுப்புல இருந்தவரு புரபோசல பத்து நிமிஷம் பொறட்டிப் பாத்தாரு, நல்லாருக்குன்னாரு, அப்பறம் பேனாவ எடுத்து முதல் பக்கத்துல இருந்த என் பேர அடிச்சுட்டு அவரு பேர எழுதுனாரு. "நீங்க ஃபீல்டு வொர்க் பாத்துக்கங்க, மாசம் பதினஞ்சாயிரம் போட்டுத் தர்றேன்"னாரு. என் கண்ணு முன்னாடியே அடிச்சாருங்க. அந்தக் காகிதத்த இன்னும் வச்சிருக்கேன். நீலப் பேனா.

எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு வழி போட்ட விஞ்ஞானி காட்டலின் கரிகோவ 1995ல பதவி இறக்குனாங்க, கேட்ட கிராண்ட் பலதும் தட்டிப் போச்சு, 2023ல நோபல் பரிசு வந்துச்சு. நான் கரிகோ இல்ல, அது எனக்கும் தெரியும், யாரும் அதப் புடிச்சுட்டு வராதீங்க. அவங்களுக்குப் பல்கலைக்கழகத்துல ஒரு மேசையாவது இருந்துச்சு, அவங்களுக்கே அந்த நிலமைன்னா லெட்டர்பேடு இல்லாதவன் எங்க போறதுன்னு தான் கேக்கறேன். நாடு மொத்தத்துக்கும் ஆராய்ச்சிக்குப் போனதே 2020-21 கணக்குப்படி ஜிடிபில 0.64 சதவீதம். 2023ல சட்டம் போட்டு புதுசா ஆராய்ச்சி அறக்கட்டளை ஆரம்பிச்சப்ப அஞ்சு வருஷத்துல 50,000 கோடின்னாங்க, அதுலயும் பெரும்பகுதி தனியார்கிட்ட இருந்து வரும்னு கணக்கு. நான் ஒத்துக்கறேன், பணம் கம்மி தான். ஆனா கேள்வியப் படிக்கறதுக்குப் பணம் வேண்டாமே.

எங்கப்பா 26 வருஷம் ப்ளோ ரூம்ல இருந்தாரு. அரை நைட்டு ஷிப்டு முடிச்சு வந்தா புருவம், காது மயிரு எல்லாம் வெள்ளையா பஞ்சு. நாங்க சின்னப் பசங்க, அத ஊதி வெளையாடுவோம். அப்ப மில்லுக்கு ஞாயிறு தான் லீவு. திங்கக்கிழமை ராத்திரி திண்ணையில முட்டிய ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு குனிஞ்சு உக்காந்திருப்பாரு, அம்மா கற்பூரவள்ளி கசாயம் வச்சுக் குடுப்பாங்க. ஆஸ்பத்திரி சீட்டுல ஒரு தடவ ஆஸ்துமா, ஒரு தடவ பிராங்கைட்டிஸ், நடுவுல ஆறு மாசம் டி.பி. மாத்திரை, சளியில டி.பி. கிருமியே இல்லாம. அவ்வளவு சீட்டுலயும் "என்னிக்கு அடைக்குதுங்க"ன்னு கேட்டதா ஒரு எழுத்து இல்ல. இந்த நோயி தொழில்நோய்ப் பட்டியல்ல இருக்கு, பேர எழுதியிருந்தாலாவது நஷ்ட ஈடு கேட்டிருக்கலாம். எழுதல. 2009ல போயிட்டாரு.

இதத்தான் "சொந்த விஷயத்த ஆராய்ச்சில கலக்கறான்"னு ஒருத்தர் எழுதியிருக்கீங்க. ஆமாங்க. கலக்கறேன். இல்லன்னா இந்தக் கேள்வி யாருக்குத் தோணும்?

போன வருஷம் பழைய ஸ்பைரோமீட்டர் ஒண்ணு சொந்தக் காசுல வாங்கி, டாக்டர் நண்பர் ஒருத்தரோட, மில்லு கேட்டுக்கு எதுக்க பேக்கரி பெஞ்சுல இலவச கேம்ப் போட்டோம். பஞ்சச் சீவற கார்டிங் பிரிவுல வேலை செய்யற ஒரு அக்கா, 34 வயசு, அட்டைக் குழாய வாயில வச்சு "ஊதுங்க ஊதுங்க, இன்னும் இன்னும்"னா மூணு செகண்டுல நின்னு போச்சு, கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த நம்பரெல்லாம் நோட்டுல இருக்கு. அது ஆராய்ச்சி இல்ல, எதிக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம அத நான் எங்கயும் பப்ளிஷ் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது, அந்த விதி சரியான விதி. அனுமதியோட முறையாப் பண்ணத் தான் அந்த 62 பக்கம்.

இந்த மாசக் கடைசிக்குள்ள திரும்ப அப்ளை பண்றேன். எதிக்ஸ் கமிட்டி இருக்கற காலேஜ்ல, முதல் பக்கத்துல என் பேர அடிக்காம கூட ஒரு கையெழுத்துப் போடறவங்க யாராச்சும் இருந்தா இன்பாக்ஸ் வாங்க. புரபோசல் அனுப்பறேன், முழுசாப் படிச்சுட்டு அப்பறம் சொல்லுங்க.