‘ஸ்லோ அப்’ என்பதும் வேகம் குறைவதையே குறிக்கும்

‘ஸ்லோ டவுன்’ என்றால் வேகத்தைக் குறைத்தல், ‘ஸ்லோ அப்’ என்றால் மெல்ல வேகத்தைக் கூட்டுதல், ‘ரிட்டார்ட்’ வெறும் வசைச்சொல் என்று சிலர் தரும் விளக்கம் தவறானது. ஆங்கிலம் கற்பவர்கள் இதை நம்பிப் பயன்படுத்திவிடக் கூடாது என்ற அக்கறையில் எழுதுகிறேன்.

‘ஸ்லோ அப்’ என்பதற்கும் வேகம் குறைதல் என்பதே பொருள்; வழக்கில் அது சற்றுக் குறைவு, அவ்வளவுதான். வேகத்தைக் கூட்டுவதற்கு உரிய சொல் ‘ஸ்பீடு அப்’.

‘ரிட்டார்ட்’ பற்றிய கூற்றுதான் அதிகம் குழப்பக்கூடியது. ‘மெதுவான’ என்று பொருள்படும் ‘டார்டஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த இந்த வினைச்சொல், ஒன்றன் போக்கைத் தாமதப்படுத்துவதைக் குறிக்கிறது. தீ பரவும் வேகத்தைக் குறைக்கும் பொருள்களை ‘ஃபிளேம் ரிட்டார்டன்ட்’ என்பதும், ஏர்பஸ் விமானம் தரையைத் தொடும் தறுவாயில் உந்துவிசை நெம்புகோல்களைப் பின்னிழுக்குமாறு விமானிக்கு ‘ரிட்டார்ட்’ என்று தானியங்கிக் குரல் நினைவூட்டுவதும் இப்பொருளில்தான். ஆனால் அறிவுசார் குறைபாடு உடையவர்களைக் குறிக்க மருத்துவத்தில் வழங்கிய இச்சொல் பின்னர் இழிசொல்லாக மாறியதால், அமெரிக்கா 2010-இல் ‘ரோசா சட்டம்’ வாயிலாகக் கூட்டாட்சிச் சட்டங்கள் பலவற்றிலிருந்து அவ்வழக்கை நீக்கியது. எனவே தொழில்நுட்பப் பொருளில் எழுதுவது பிழையன்று. மனிதரை நோக்கி எந்நிலையிலும் சொல்லக் கூடாது.

பிந்துதலைக் குறிக்கும் ‘டிலே’ என்ற சொல்லையும் வேகக் குறைவைக் குறிக்கும் இச்சொற்களோடு ஒன்றாக எண்ண வேண்டாம். ஒரு மணி நேரம் பிந்திப் புறப்பட்ட ரயில் முழு வேகத்தில் ஓடினாலும் அது ‘டிலே’ ஆன ரயிலே; அதன் வேகம் குறைந்தது என்று அச்சொல் தெரிவிப்பதில்லை.