கையெழுத்தோடு கைமாறிய உரிமை

திறமூல மென்பொருளுக்கு நிரல் எழுதித் தருபவர்கள் கையெழுத்திடும் பங்களிப்பாளர் ஒப்பந்தம் வெறும் சம்பிரதாயம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. ஓப்பன் ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளுக்கு நிரல் எழுதித் தந்தவர்கள், பதிப்புரிமையை அதை நடத்திய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்துடன் பகிர்ந்துகொள்ள இசைந்து கையெழுத்திட்டிருந்தார்கள். 2010 ஜனவரியில் சன்னை ஆரக்கிள் நிறுவனம் வாங்கியபோது அந்த உரிமையும் சேர்ந்தே கைமாறியது. ஆகவே, 2011-இல் திட்டத்தைத் திறமூல மென்பொருள்களைப் பேணும் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கிய ஆரக்கிள், மாற்றிய நிரலையும் அதே உரிமத்தில் வெளியிடச் சொல்லும் எல்ஜிபிஎல் உரிமத்தில் அதுவரை இருந்த நிரலை, அந்த நிபந்தனை இல்லாத அப்பாச்சி உரிமத்துக்கு மாற்ற, எழுதியவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கவில்லை. 2010 செப்டம்பரில் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்துபோன லிப்ரே ஆபீஸ் திட்டமோ பதிப்புரிமையை எழுதி வாங்குவதே இல்லை; தம் பங்களிப்புகளை எம்பிஎல், எல்ஜிபிஎல் ஆகிய இரண்டு உரிமங்களின்கீழும் வெளியிடலாம் என்று புதியவர் ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பினால் போதும். பின்னாளில் உரிமத்தை மாற்ற நினைத்தால் ஒவ்வொருவரையும் தேடிப்பிடிக்க வேண்டும் என்பது சங்கடம்தான். எனக்கு அந்தச் சங்கடம் பிடித்திருக்கிறது.