பத்துக் கன்றுகள் ஒரு புளிய மரத்துக்கு ஈடாகுமா?
ஏரிக்கரையில் வெட்டப்படும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்றுகள் நடப்படுவதால் இழப்பேதும் இல்லை என்று இங்கு வெளியான ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பொது நிலத்து மரங்களை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது நல்ல ஏற்பாடுதான். குறை அதற்குப் பின்னால் நடப்பதில் இருக்கிறது. தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் உள்ள எங்கள் ஊர் ஏரிக்கரையில், பாதையை அகலப்படுத்துவதற்காக, இருவர் கைகோத்தாலும் அணைக்க முடியாத மூன்று புளிய மரங்களை வெட்டிவிட்டு, புங்கனும் வேம்பும் நாவலுமாக முப்பது கன்றுகளை ஐப்பசியில் நட்டார்கள். நட்ட இடத்தைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்: பாதிக் கன்றுகள் கரையின் உட்புறத்தில், நீர் ஏறும் மட்டத்துக்குக் கீழே நின்றதால் ஏரி நிரம்பியதும் மூழ்கி அழுகின, கூண்டு வைக்கப்படாத மற்றவை ஆடுகளுக்குத் தீனியாயின. சித்திரையில் நான் எண்ணியபோது நான்கு மட்டுமே உயிரோடு இருந்தன. அவையும் கரையோரத் தேநீர்க் கடைக்காரர் நாள்தோறும் குடத்தில் நீர் ஊற்றிக் காப்பாற்றியவை. ஆண்டுதோறும் புளி மகசூலை ஏலம் விட்டதில் கிடைத்த வருவாயும் அந்த மரங்களோடு நின்றது. சீமைக் கருவேலத்தை எங்கிருந்தாலும் வேரோடு பிடுங்க வேண்டும் என்று அக்கட்டுரைக்குக் கருத்திட்ட நண்பர் ஒருவர் சொல்வது நீர்ப்பரப்புக்குப் பொருந்தும், ஏனெனில் அடியில் வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கும். ஆனால் கரையின் மேல் பொக்லைன் தோண்டிய குழியை மண்ணிட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்காவிட்டால், அடுத்த மழைக்கு அவ்வழியே நீர் கசியும். ஒப்புதல் ஆணையில் கன்றுகளின் எண்ணிக்கையோடு, நடும் இடம், கூண்டு, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுதட்டும்.