கடல் அறுக்கும் கோட்டை

டினாஸ் டின்லே குன்றில் ஏறினால் இரண்டு வரிசை மண்மதில், நடுவில் அகழி. மதில் மேலேயே நடந்து போகலாம். போய்க்கொண்டே இருக்கும்போது சட்டென்று மதில் முடிந்துவிடுகிறது, கத்தியால் அறுத்த மாதிரி. கீழே எட்டிப் பார்த்தால் கூழாங்கல் கரை. மேற்குப் பக்கத்து மதிலைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது.

வடக்கு வேல்சில் கர்னார்வனுக்குத் தெற்கே இருக்கும் இரும்புக் காலத்து மண்கோட்டை இது. வேல்சுப் பழங்கதைகளில் வரும் லெய் என்பவனின் கோட்டை என்றுதான் ஊர்ப் பெயருக்கே பொருள். நிலம் பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குச் சொந்தம். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம், அனுமதியில்லாமல் யாரும் ஒரு குழிகூடத் தோண்ட முடியாது. அப்படியும் 1900க்குப் பிறகு மட்டும் 20 முதல் 40 மீட்டர் நிலம் போயிருக்கிறது.

குன்று பாறையாக இருந்தால் தாங்கியிருக்கும். பனியாறுகள் விட்டுப்போன மணலும் சரளையும்தான் இது. அடியில் அலை அரிக்கிறது, மேலிருந்து மழைநீர் இறங்கி ஊறவைக்கிறது, ஊறிய மண் பாளம் பாளமாகச் சரிகிறது.

தடுப்புச் சுவர் கட்டலாமே என்று கேட்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தச் சரிவில் தெரியும் பனியுக அடுக்குகளும் பாதுகாக்கப்பட்டவைதான். சுவர் எழுப்பினால் அவை மறைந்துபோகும்.

நான் கேட்பது வேறு: தோண்டுங்கள். தொல்லியலாளர்கள் பொதுவாக மண்ணுக்குள் இருப்பது அங்கேயே இருக்கட்டும், வருங்காலத்தில் இதைவிட நல்ல கருவிகள் வரும் என்பார்கள். மற்ற இடங்களில் அது சரியான பேச்சு. இங்கே வருங்காலத்துக்கு விட்டுவைப்பதைக் கடல்தான் எடுத்துக்கொள்ளும். கடலோரத் தொல்சின்னங்களைக் காலநிலை மாற்றம் எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய அயர்லாந்தும் வேல்சும் சேர்ந்து நடத்திய செரிஷ் திட்டத்தில் 2019இல் இங்கே அகழாய்வு நடந்தது. காற்று குவித்த மணலுக்கடியில் சுமார் 13 மீட்டர் குறுக்களவில் ஒரு வட்ட வீடு, தடித்த கற்சுவரோடு அப்படியே கிடைத்தது. தோண்டாமல் விட்டிருந்தால் அந்த வீடு எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே விளிம்பிலிருந்து தொடங்கி, கீற்றுக் கீற்றாக உள்நோக்கித் தோண்டிப் பதிவு செய்துகொண்டே வர வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். கோட்டை முழுவதும் 500 ஆண்டுகளுக்குள் போய்விடலாம் என்று கணித்திருக்கிறார்கள். அவ்வளவு காலம் இருக்கிறதே என்று ஆறுதலாக இருக்கும். ஆனால் விளிம்போரத்தில் புதைந்து கிடப்பவற்றுக்கு அடுத்த குளிர்காலப் புயல் வரைதான் அவகாசம்.