ஒத்திகைக் காசு எந்தத் தலைப்பில்?

கலைக்கும் உடல்நலத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று இனி யாரிடமும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளை அலசி உலக சுகாதார நிறுவனம் 2019லேயே அறிக்கை போட்டுவிட்டது. வடசென்னையில் இடிப்பது வேறு இடம்: கலைஞர்களோடு சேர்ந்து செய்யும் உடல்நல ஆய்வுக்கு வந்த பணத்தை பட்ஜெட்டில் எந்தச் செலவுத் தலைப்பில் வைப்பது, எந்த மாதம் கொடுப்பது.

ராயபுரத்தில் கானா பாடகர்களோடு காசநோய் பற்றி ஒரு ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். பட்ஜெட்டில் ஆய்வு உதவியாளர் சம்பளம், லேப்டாப், பயணம் எல்லாம் தனித்தனிச் செலவினம். பாடகர் மட்டும் ‘இதர செலவு’. டீ, ஜெராக்ஸோடு அவரும் ஒருவர்! ஆறு பேர், ஆளுக்கு 40 நாள் ஒத்திகை, நாளுக்கு 1,500 என்றாலே 3,60,000 ரூபாய். இதரத்தில் அடங்குகிற தொகையா இது? எந்தப் பாட்டு வரி நோயாளியைக் கூச்சப்பட வைக்கும், எதைக் கேட்டால் சளிப் பரிசோதனைக்கு வருவார் என்று செவிலியரும் பாடகரும் முட்டிக்கொள்வது ஒத்திகையில்தான். ஆராய்ச்சியே அங்கேதான் நடக்கிறது. விண்ணப்பத்திலேயே பணியாளர் தலைப்பின் கீழ் கலைஞர் என்று எழுதிவிடுங்கள். அனுமதி வந்தபின் தலைப்பு மாற்றக் கடிதம் போட்டால், பதில் வருவதற்குள் பாடகர் வேறு கச்சேரிக்குப் போயிருப்பார்.

அடுத்தது காலண்டர். இதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. நிதியாண்டு மார்ச் 31ல் முடிகிறது. மத்திய அரசுப் பணம் என்றால் ஜிஎஃப்ஆர் (பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும், தணிக்கையாளர் கையெழுத்து வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த தவணை. பெரும்பாலும் ஏப்ரல், மே, ஜூன் வறட்சிதான். காசிமேட்டிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளிகள் கரையில் உட்கார்ந்து ஆய்வுக்காகப் பேச நேரம் இருக்கிற மாதங்கள் அவை. கையில் காசில்லாத மாதங்களும் அவைதான். ‘தவணை வந்ததும் தருகிறோம்’ என்று அப்போது சொன்னால் மறுநாள் ஒருவரும் வரமாட்டார்கள். சரி, தள்ளிப்போடலாம் என்றால் ஆடி பிறந்ததும் கலைஞர்கள் கோயில் திருவிழாக்களுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பின் மழை. ஆகவே இந்த மூன்று மாதக் கலைஞர் கூலியையும் பங்கேற்பவர்களின் பயணப்படியையும் ஆய்வை நடத்தும் நிறுவனம் தன் பணத்திலிருந்து முன்பணமாகத் தரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப் பேச்சு ஏப்ரலில் செல்லாது.

பணம் கொடுக்கும்போது மாட்டுகிற இடம் பான் கார்டு. ஆளுக்கு 60,000 என்றால் பொதுவாக வரிப்பிடித்தம் உண்டு. பான் இல்லை, இருந்தும் ஆதாரோடு இணைக்கவில்லை என்றால் 20 சதவீதம் போய்விடும். 12,000 ரூபாய் குறைந்து வந்தால் பாடகர் திட்டுவது உங்களைத்தான். முதல் வாரமே அதைச் சரிபார்த்துவிடுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000க்கு மேல் ரொக்கம் வேண்டாம். 5,000 தாண்டிய ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேலேயே கையெழுத்து.

வெளிநாட்டுப் பணம் என்றால் இன்னும் கவனம். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணத்தை வேறு அமைப்புக்கு மானியமாகக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வியாசர்பாடியில் உள்ள சின்னக் குழுவைக் கூட்டாளி என்று விண்ணப்பத்தில் அழகாக எழுதிவிட்டு, பிறகு பணம் தர வழியில்லாமல் விழிப்பது இதனால்தான்.

கடைசியாக, பேட்டிகளில் பதிவான பேச்சை எழுத்தாக்கும் வேலை. ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு ஆறு மணி நேரமாவது பிடிக்கும். மணி நேரப் பேட்டி 40 என்றால் 240 மணி நேரம். இதை வெளியூர் ஏஜென்சிக்கு அனுப்பினால் ‘எளப்பு’, ‘இழுப்பு’, ‘மூச்சு வாங்குது’ மூன்றும் ‘மூச்சுத்திணறல்’ என்றே திரும்பி வரும். மூன்றும் ஒன்றல்ல. இழுப்பு என்று சிலர் சொல்வது வலிப்பை. எண்ணூர்ப் பக்கம் சாம்பல், புகை பற்றிப் பேசுகிறவர்களின் வார்த்தையை இப்படி இஸ்திரி போட்டுவிட்டால் பிறகு அலச என்ன மிஞ்சும்? அதே தெருவில் வளர்ந்த பிளஸ் டூ முடித்த ஒருவர், பேட்டிக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஒலியையும் எழுத்தையும் ஒப்பிட்டுத் திருத்த 80 மணி நேரக் கூலி. அதையும் பட்ஜெட்டில் தனிச் செலவினமாகப் போடுங்கள்.