"கிரான் போட்டிருக்கு சார்" என்ற பதில் இனி வேண்டாம்

"பேக்அப் இருக்குல்ல?" என்று கேட்டால் நம் துறையில் பத்தில் ஒன்பது பேர் சொல்லும் பதில், "கிரான் போட்டிருக்கு சார்." குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாகக் கிளப்பிவிடும் கருவி கிரான்; பேக்அப் எடுக்கும் வேலையை அதில் போட்டுவைப்போம். அந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறது. கிரான் போட்டிருப்பது வேறு, பேக்அப் இருப்பது வேறு. உலை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போனவர், சோறு வெந்துவிட்டது என்று எப்படிச் சொல்வார்?

நாங்கள் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் ஒன்று ஒரு மொத்த வியாபாரிக்குச் சொந்தமானது. பில், சரக்கு இருப்பு, கடன் பாக்கி எல்லாம் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். ஒரு நாள் காலை டிஸ்க் போய்விட்டது. டிஸ்க் என்றால் ஒரு நாள் போகத்தான் செய்யும், அதற்காக யாரும் அழ வேண்டியதில்லை. பேக்அப் வேறு மெஷினில் இருக்கிறது என்ற தைரியத்தில் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். தேதி போட்ட கோப்புகள், ஒரு நாள்கூட விடாமல், வரிசையாக நின்றன. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் அளவு காட்டும் பத்தியைப் பார்த்தேன். 20. அதற்குக் கீழே 20. அதற்கும் கீழே 20. திரையில் எண்கள் வெட்டுப்பட்டுத் தெரிகின்றன என்று நினைத்து விண்டோவை அகலமாக்கிப் பார்த்தேன். எதுவும் வெட்டுப்படவில்லை. ஒவ்வொரு கோப்பும் 20 பைட்தான். ஒன்றைப் பிரித்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

நடந்தது இதுதான். 43 நாட்களுக்கு முன் பாதுகாப்பு ஆடிட் என்று சொல்லி டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். அப்ளிகேஷனில் மாற்றினார்கள், பேக்அப் ஸ்கிரிப்டில் மாற்றவில்லை. அன்றிரவிலிருந்து, டேட்டாபேஸைக் கோப்பாக எடுத்துத் தரும் பிஜி டம்ப், உள்ளேயே நுழைய முடியாமல் திரும்பியது. அது போட்ட எர்ரரையும் ஸ்கிரிப்ட் எழுதியவர் டெவ் நல் என்ற குப்பைக்குழிக்குத் திருப்பிவிட்டிருந்தார். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் பைப்பின் மறுமுனையில் இருந்த, கோப்புகளைச் சுருக்கும் ஜிஜிப், தனக்கு வந்த வெறுமையைச் சுருக்கி ஒழுங்காக ஒரு கோப்பாக்கிக் கொடுத்தது. ஒன்றுமில்லாததை ஜிஜிப்பில் சுருக்கினால் வருவது 20 பைட். பைப்பில் கடைசியாக நிற்கும் கட்டளை ஜெயித்தால் மொத்த வரியும் ஜெயித்ததாக, கட்டளைகளை ஓட்டும் ஷெல் எடுத்துக்கொள்ளும். முதலில் நிற்பது செத்துக் கிடந்தாலும் அதற்குக் கவலை இல்லை. ஆகவே லாகில் தினமும் "பேக்அப் ஓகே" என்று ஒரு வரி ஏறியது. 43 ஓகே.

இதைவிடக் கொடுமை அடுத்தது. 30 நாளுக்கு மேல் பழைய கோப்புகளை அழிக்க அதே ஸ்கிரிப்டில் ஒரு வரி இருந்தது. அது மட்டும் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. இரவுக்கு ஒன்றாக, நல்ல பேக்அப்புகள் அத்தனையையும் அழித்து முடித்திருந்தது. முதல் இரண்டு வாரத்தில் யாராவது பார்த்திருந்தால்கூட எல்லாமே பிழைத்திருக்கும்.

கடைசியில் ஒரு டெவலப்பர் லேப்டாப்பில் டெஸ்டிங்குக்காக எடுத்து வைத்திருந்த மூன்று மாதப் பழைய காப்பிதான் கிடைத்தது. மிச்சத்தை அந்தக் கடையின் கணக்குப் பிள்ளை அக்கா உட்கார்ந்து கையால் ஏற்றினார். நான் அவர் பக்கத்தில் இரண்டு நாள் இருந்தேன். ரப்பர் பேண்டு போட்ட பில் கட்டுகள், மேசை நிறைய. சில பில் தெர்மல் காகிதம், மை மங்கி வெளுத்துப் போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "தம்பி, இது மூணா எட்டா, பாருங்க" என்று என்னிடம் நீட்டுவார். எனக்கும் தெரியவில்லை. அந்த ஸ்கிரிப்டை எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதை வாங்கிக்கொண்ட நானும் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. ஒரு பாவமும் அறியாத அந்த அக்கா, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இரவு ஒன்பது மணி வரை அங்கே உட்கார்ந்திருந்தார்.

கிரானைக் குறை சொல்லவில்லை. 1970களில் யூனிக்ஸோடு பிறந்த கருவி. இன்று லினக்ஸில் நாம் பார்ப்பவற்றில் பல, 1987இல் பால் விக்ஸி எழுதியதன் வழி வந்தவை. சொன்ன நேரத்தில் சொன்ன கட்டளையைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. கட்டளை ஏதாவது பேசினால் அதை மெயிலில் அனுப்பும். அந்தக் காலத்தில் சர்வரிலேயே மெயில் இருந்தது, ஆட்களும் அதைப் படித்தார்கள். இன்று? டெபியன் என்ற லினக்ஸ் வகையில் மெயில் அனுப்பும் நிரலே இல்லையென்றால், வந்த வெளியீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சிஸ்லாகில், அதாவது சர்வரின் நிகழ்வுக் குறிப்பேட்டில், ஒரு வரி எழுதிவிட்டுக் கிரான் நகர்ந்துவிடும். அதே சிஸ்லாகில் கட்டளை ஆரம்பித்ததற்கு வரி இருக்கும். எப்படி முடிந்தது என்பதற்கு, நாமாகக் கேட்டு வாங்கினாலொழிய, வரி இருக்காது. அந்த ஆரம்ப வரியைக் காட்டித்தான் "பாருங்க சார், ஓடுது" என்கிறார்கள்!

சத்தமில்லாமல் சாவதற்கு அதில் எத்தனை வழிகள். கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் ஓடாது, ஏனென்றால் கிரானுக்குத் தெரிந்த பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல், மிகச் சுருக்கமானது. கிரானுக்கு வேலைகளைக் குறித்து வைக்கும் கோப்பான கிரான்டேபின் வரியில் தேதிக்காக ஒரு சதவீதக் குறி போட்டால், கிரான் அதைப் புதிய வரி என்று எடுத்துக்கொண்டு கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். உபுண்டு லினக்ஸில், தினமும் ஓட வேண்டியவற்றைப் போடும் ஃபோல்டருக்குள் பெயரில் புள்ளி வைத்த கோப்பைப் போட்டால் அதைச் சீண்டவே சீண்டாது. பேக்அப் புள்ளி எஸ்ஹெச் என்று பெயர் வைத்துவிட்டு வருடக்கணக்கில் நிம்மதியாகத் தூங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சின்ன கம்பெனிகளில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்அப்பைத் தேடிப் போனால் அதை வைத்திருக்க வேண்டிய அமேசான் கிளவுட் சேமிப்பிடமான எஸ்3 பக்கெட் காலி. அவர்களுடைய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வெர்ஷன் 9.6, பேக்அப் எடுக்கப்போன பிஜி டம்ப் 9.2. வெர்ஷன் ஒத்துவராததால் அது ஒவ்வொரு முறையும் எர்ரர் போட்டு நின்றிருக்கிறது. கிரான் எர்ரர் மெயிலும் அனுப்பியிருக்கிறது! அந்த மெயில்களுக்கு டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பு போடப்படவில்லை என்று வாங்கும் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். அவர்கள் இதையெல்லாம் மறைக்காமல் ஊரறிய எழுதி வைத்தார்கள். அதைப் படித்த பிறகும் நாம் அதே வரியைக் காப்பி அடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கெட்டுப்போனால் சொல் என்று கெட்டுப்போகப்போகிறவனிடமே சொல்லி வைத்தால் எப்படி? சர்வரே அணைந்துவிட்டால் எர்ரர் மெயில் எங்கிருந்து வரும்? தலைகீழாகக் கேட்க வேண்டும். பழைய மின்சார ரயில்களில் ஓட்டுநர் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும், பிடி விட்டால் பிரேக் விழும். எனக்கு மயக்கம் வருகிறது என்று அவர் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அதேபோல, வேலை முழுதாக முடிந்தால் மட்டும் ஸ்கிரிப்ட் வெளியே இருக்கும் ஒரு முகவரியைத் தட்ட வேண்டும். அதிகாலை இரண்டரை மணிக்குள் தட்டல் வரவில்லை என்றால் என் போன் அடிக்க வேண்டும். ஹெல்த்செக்ஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ் கருவியே இதற்கு இருக்கிறது. ஸ்கிரிப்டின் கடைசியில் சேர்ப்பது, அந்த முகவரியைத் தட்டும் ஒரே ஒரு கர்ல் வரி. தட்டலை வாங்குவது மட்டும் வேறு மெஷினாக இருக்க வேண்டும்.

அதோடு ஸ்கிரிப்டில் பைப்ஃபெயில் என்ற ஷெல் அமைப்பைப் போடுங்கள், பைப்பில் எது செத்தாலும் வரி தோற்கும். தட்டுவதற்கு முன் கோப்பின் அளவைப் பாருங்கள், நேற்று 4 ஜிபி இருந்தது இன்று 20 பைட் என்றால் தட்டாதீர்கள். புதிய பேக்அப் சரியாக வராத இரவில் பழையதை அழிக்காதீர்கள், தயவுசெய்து. மாதம் ஒருமுறை அதை வேறு டேட்டாபேஸில் ஏற்றி, கடைசி பில் எண்ணாவது சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஒரு சர்வருக்கு அரை நாள் வேலை இது. சில மாதங்களுக்கு முன் எங்கள் எல்லா சர்வர்களுக்கும் இதைச் செய்ய நேரம் கேட்டேன். "பேக்அப்தான் ஓடுதே, அடுத்த ஸ்பிரின்ட்ல பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த மாதம் மறுபடி கேட்டேன். அதே பதில். பொறுக்க முடியாமல் சனிக்கிழமைகளில் நானே உட்கார்ந்து போட ஆரம்பித்தேன். இதுவரை பதினொரு சர்வர் முடிந்திருக்கிறது. அதில் இரண்டில் தட்டல் முதல் இரவே வரவில்லை. ஒன்றில் டிஸ்க் நிரம்பிப் பல வாரமாக எதுவும் எழுதப்படவே இல்லை. மற்றொன்றில் கிரான் சேவையே நின்றிருந்தது. இரண்டிலும் "ஓடுது சார்" என்றுதான் சொல்லியிருந்தார்கள். இன்னும் பதினாறு சர்வர் பாக்கி.